மேசையை ஒழித்தபோது கிடைத்த மருந்து

1930-களின் தொடக்கத்தில் போலந்தின் கிராகோவ் பல்கலைக்கழகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற இளைஞர் புதுச் சாயம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வில் ஒரு சேர்மக் குடும்பம் கிடைத்தது. சாயத்துக்கு அது உதவவில்லை. எழுத வேண்டிய கட்டுரைகளை எழுதிவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டார். இன்று ‘தூக்க மாத்திரை’, ‘நரம்பு மாத்திரை’, ‘படபடப்பு மாத்திரை’ என்று வீட்டுக்கு வீடு வெவ்வேறு பெயரில் புழங்கும் டயஸெபாம், அல்பிரஸோலம், லோரஸெபாம், குளோனஸெபாம் எல்லாவற்றுக்கும் வம்சாவளி தேடிப் போனால், அந்தத் தோற்றுப்போன சாயத்தில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஸ்டெர்ன்பாக் 1908-இல் பிறந்தவர். பிறந்த ஊர் ஏட்ரியாடிக் கடற்கரையில் இருந்த அப்பாஸியா. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, இன்று குரோஷியா. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். யூதக் குடும்பம். கிராகோவில் முதலில் மருந்தாளுநர் பட்டம், பிறகு 1931-இல் கரிம வேதியியலில் முனைவர் பட்டம். அதற்குப் பிறகு வியன்னா, சூரிக் என்று நகர்ந்து, 1940-இல் பாஸல் நகரத்து ரோஷ் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஹிட்லரின் படை சுவிட்சர்லாந்தைச் சுற்றி வளைத்திருந்த காலம். தன்னிடம் வேலை பார்த்த யூத விஞ்ஞானிகளை ரோஷ் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தது. 1941-இல் புதுமணத் தம்பதியாக ஸ்டெர்ன்பாக்கும் மனைவியும் நியூஜெர்ஸி மாநிலத்து நட்லிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு வருடம் வைட்டமின் தயாரிப்பு முதலான வேலைகள். பயோட்டின் வைட்டமினைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையில் அவருடைய பங்கு பெரிது. அந்தக் காலத்தில் மனநோய் மருந்துகளின் பக்கம் அவர் எட்டிப்பார்த்ததே இல்லை.

1955 மே மாதம் அமெரிக்கச் சந்தைக்கு மில்டவுன் வந்தது. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து தப்பி வந்த பிராங்க் பெர்ஜர் என்ற மருத்துவரின் கண்டுபிடிப்பு அது. மனக்கவலைக்கு ஒரு மாத்திரை என்று அமெரிக்கா அதன்மேல் பாய்ந்து விழுந்தது. மருந்துக்கடை ஜன்னல்களில் ‘மில்டவுன் தீர்ந்துவிட்டது’ என்று எழுதி வைக்க வேண்டிய நிலை. அதுவரை தூங்க வேண்டும், அமைதியாக வேண்டும் என்றால் பார்பிச்சுரேட்தான் கதி. அந்த மருந்தில் தூங்குவதற்கான அளவுக்கும் சாவதற்கான அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. 1962-இல் இறந்த நடிகை மர்லின் மன்றோவின் உடலில் இருந்தது பார்பிச்சுரேட்டும் குளோரல் ஹைட்ரேட்டும்தான். பார்பிச்சுரேட்டோடு ஒப்பிட்டால் மில்டவுன் பரவாயில்லை என்று மருத்துவர்களும் நினைத்தார்கள். போட்டியாளன் காசு அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு எந்த நிறுவனம்தான் சும்மா இருக்கும்? ரோஷ் மேலிடம் தன் வேதியியலாளர்களை அழைத்து, இதேபோல ஒன்று வேண்டும், ஆனால் காப்புரிமைச் சிக்கல் வராத அளவுக்கு வேறாக இருக்க வேண்டும் என்றது. உலகத்தின் கவலையைத் தீர்க்கப் புறப்பட்ட மருந்தாக இதைப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் இது போட்டிச் சரக்காகப் புறப்பட்ட மருந்து.

ஸ்டெர்ன்பாக்குக்கு அடுத்தவர் மூலக்கூறை லேசாகத் திருத்தி வைப்பதில் ஆர்வமில்லை. அதிகம் பேர் தொடாத, எளிதாகத் தயாரிக்கக்கூடிய, வேதியியலாளனுக்குச் சுவாரசியம் தருகிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, உயிரிகளிடம் அது ஏதாவது செய்கிறதா என்று பார்ப்போம் என்று முடிவு செய்தார். கிராகோவில் இருபது வருடத்துக்கு முன் கைவிட்ட அந்தச் சாயக் குடும்பம் நினைவுக்கு வந்தது. இறங்கி வேலை செய்தபோது, அந்தப் பொருள்களின் அமைப்பு என்று அன்று தான் நம்பியதே தவறு என்பதும் தெரிந்தது. அவற்றிலிருந்து சுமார் நாற்பது சேர்மங்களைத் தயாரித்து விலங்குச் சோதனைக்கு அனுப்பினார். ஒன்றுகூட வேலை செய்யவில்லை. கடைசியாக, அதே மூலப்பொருளோடு மெத்திலமின் என்ற அமினைச் சேர்த்து ஒரு வெண்ணிறத் தூள் தயாரித்தார். அதற்குள் மேலிடத்துக்குப் பொறுமை போய்விட்டது. ‘இதை விட்டுவிட்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாருங்கள்’ என்று உத்தரவு. அந்தத் தூளுக்கு ரோ 5-0690 என்று எண் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதைச் சோதனைக்கு அனுப்பக்கூட இல்லை.

1957 வசந்தகாலம். ஆய்வக மேசைகளில் குடுவைகளும் கிண்ணங்களும் குப்பிகளும் குவிந்து, வேலை செய்யக் கையகல இடம்கூட மிச்சமில்லை. ஒழித்துவிடலாம் என்று இறங்கினார்கள். அப்போது ஸ்டெர்ன்பாக்கின் சகா ஏர்ல் ரீடர், இரண்டு வருடத்துக்கு முன் தயாரித்த ஓர் அழகான படிகத் தூள் சில நூறு மில்லிகிராம் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. சுத்தமாக இருக்கிறதே, இதையும் சோதித்துவிட்டால் அந்த வரிசைக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துக் கட்டுரை ஒன்றும் எழுதிவிடலாம் என்று ஸ்டெர்ன்பாக் அனுப்பிவைத்தார். நல்ல செய்தி எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

மருந்தியல் பிரிவில் லோவல் ராண்டலின் கூடத்தில் அன்று நடந்த சோதனைகள் பார்க்கச் சாதாரணமானவை. சாய்த்து வைத்த கம்பி வலையில் எலியை விடுவார்கள். சாதாரண எலி பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். மருந்து உண்ட எலி தளர்ந்து மெல்லச் சறுக்கிக் கீழே வந்துவிடும். அன்றைக்கு இருந்த எல்லா மயக்க மருந்துகளிலும் இது நடக்கும். ஆனால் அவற்றில் கீழே வந்த எலி அப்படியே மந்தமாகக் கிடக்கும். இந்தத் தூளை உண்ட எலியைக் குச்சியால் தொட்டால் எழுந்து சாதாரணமாக நடந்தது. பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் உடம்பு துவண்டு தொங்கியது. கீழே விட்டால் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நடந்துபோனது. கடிக்க வரும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சாதுவாகிவிட்டன, ஆனால் தூங்கவில்லை. தசை தளர்கிறது, முரட்டுத்தனம் அடங்குகிறது, வலிப்பு தடுக்கப்படுகிறது, விழிப்பு கெடவில்லை: இத்தனையும் ஒரே பொருளில். மில்டவுனைவிடப் பல மடங்கு வீரியம். ராண்டல் உடனே ஸ்டெர்ன்பாக்கைக் கூப்பிட்டார்.

மற்ற நாற்பதும் சும்மா இருக்க, இது மட்டும் ஏன் வேலை செய்தது? அமைப்பை ஆராய்ந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. மற்றவற்றில் சேர்த்த அமின்கள் எதிர்பார்த்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன; ஆறு அணு வளையம் ஆறு அணு வளையமாகவே இருந்தது. மெத்திலமின் மட்டும் வளையத்துக்குள் புகுந்து அதை ஏழு அணு வளையமாக விரித்துவிட்டது. ஸ்டெர்ன்பாக் தயாரிக்க நினைத்தது ஒன்று, தயாரானது வேறொன்று. அந்த ஏழு அணு வளையம்தான் பென்ஸோடயஸெபைன். 1958 மே மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தும் கெடாத அளவுக்குச் சுத்தமாகப் படிகமாக்கி, எண் ஒட்டி வைத்த கை ஒன்று இருந்திருக்கிறது. அசட்டையாகத் தயாரித்த தூளாக இருந்திருந்தால் அன்றைக்கு அது தொட்டியில் போயிருக்கும்.

அடுத்து மனிதர்கள். இந்த வரலாற்றில் பலரும் ஒரு வரியில் தாண்டிப்போகிற கட்டம் இது. முதல் சோதனை முதியவர்களிடம் நடந்தது. அளவு தெரியாமல் நிறையக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தள்ளாடினார்கள், நாக்குக் குழறியது. மருந்து உருப்படாது என்று ஏறக்குறையக் கைவிடும் நிலைக்கு வந்துவிட்டது. பிறகு டெக்ஸாஸ் முதலிய இடங்களில் சில மனநல மருத்துவர்கள் குறைந்த அளவில், வெளிநோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைந்தது, வேலைக்குப் போக முடிந்தது. கதை திசை மாறியது. அந்த முதியவர்கள் காட்டிய தள்ளாட்டத்தை ‘அளவு அதிகம்’ என்ற கணக்கில் எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்தார்கள். அறுபது வருடம் கழித்து இன்று முதியோர் மருத்துவர்கள் இந்த மருந்தைப் பற்றி முதலில் எச்சரிப்பதும் அதே தள்ளாட்டத்தைத்தான்.

1960 மார்ச்சில் லிப்ரியம் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. வேதிப்பெயர் குளோர்டயஸெபாக்ஸைடு. மிருகக்காட்சிச் சாலை ஒன்றில் சீறும் காட்டுப்பூனை லிப்ரியம் சாப்பிட்டுப் பசுவாகிப்போன படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை. தான் தயாரிக்கும் மருந்துகளைத் தன் மேலேயே சோதித்துப் பார்ப்பது ஸ்டெர்ன்பாக்கின் பழக்கம். லிப்ரியம் சாப்பிட்டுவிட்டு, முழங்கால் லேசாகத் தளர்ந்ததையும் தூக்கம் வந்ததையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

லிப்ரியத்துக்குக் கசப்பு அதிகம்; ஈரத்திலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். மூலக்கூறில் எந்தெந்தப் பகுதி உண்மையில் தேவை என்று ஸ்டெர்ன்பாக் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். புதையலைக் கொண்டுவந்த அந்த மெத்திலமின் பகுதியே வேண்டியதில்லை என்று தெரிந்தது. அதைக் கழற்றியபின் வீரியம் கூடியது. 1959-இல் அப்படிப் பிறந்ததுதான் டயஸெபாம். 1963-இல் வேலியம் என்ற பெயரில் வந்து, 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்தாக இருந்தது. உச்ச வருடமான 1978-இல் மட்டும் சுமார் 230 கோடி மாத்திரைகள் விற்றன. கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமைக்கு வழக்கமான ஒரு டாலர்; அதற்கு மேல் 10,000 டாலர் ஊக்கத்தொகை. சம்பளக்காரன் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் சொத்து என்பதில் அவருக்குப் பெரிய குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பல வருடம் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒரே நிறுவனத்திடம் ஒரே குணமுள்ள இரண்டு மருந்துகள். ஒன்று மற்றொன்றின் வியாபாரத்தைத் தின்றுவிடாமல் இருக்க வேண்டும். விளம்பரப் பொறுப்பு ஆர்தர் சாக்லர் என்ற மருத்துவரின் நிறுவனத்திடம் போனது. மருந்துக் கம்பெனிகள் மருத்துவர்களை எப்படி வசப்படுத்துவது என்பதற்கு இலக்கணம் எழுதிய மனிதர். லிப்ரியம் மனக்கவலைக்கு, வேலியம் மன இறுக்கத்துக்கு என்று பிரித்தார்கள். முதுகுவலி, வயிற்றெரிச்சல், படபடப்பு என்று எதன் பின்னாலும் ஓர் இறுக்கம் இருக்கலாமே! மருத்துவ இதழ்களில் வந்த விளம்பரங்களைப் புரட்டினால், நோயாளியாக நிற்பவர் பெரும்பாலும் பெண். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாதவர், வீட்டு வேலையில் நொந்துபோனவர், கல்லூரிக்குப் போய்ப் பயந்துபோன மாணவி. அப்படியே சீட்டுகளும் ஆண்களுக்கு எழுதியதைப்போல இரண்டு மடங்கு பெண்களுக்குப் போயின. அடுப்படியில் அடைத்துவைத்த ஒருத்திக்கு வரும் மூச்சுமுட்டலை மருத்துவர் சீட்டில் தீர்த்துவிட முடியும் என்ற எண்ணம் அந்தக் காலத்து அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

லாபம் எவ்வளவு என்பது பிரிட்டனில்தான் அம்பலமானது. ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் 1973-இல் கணக்கைப் பிரித்துப் போட்டது. ரோஷ் தன் பிரிட்டிஷ் கிளைக்கு லிப்ரியத்தின் மூலப்பொருளைக் கிலோ 370 பவுனுக்கும், வேலியத்தினுடையதைக் கிலோ 922 பவுனுக்கும் விற்றிருக்கிறது. மருந்துக்குக் காப்புரிமை தராத இத்தாலியில் அதே பொருள்கள் கிலோ 9 பவுனுக்கும் 20 பவுனுக்கும் கிடைத்தன. லிப்ரியத்தின் விலையை நாற்பது சதவீதமாகவும் வேலியத்தின் விலையை இருபத்தைந்து சதவீதமாகவும் குறைக்கச் சொன்னார்கள். இந்தியாவிலோ, 1960-களின் இறுதியிலேயே ரான்பாக்ஸி நிறுவனம் டயஸெபாமைக் காம்போஸ் என்ற பெயரில் கொண்டுவந்துவிட்டது. அந்த நிறுவனத்தை நிமிர்த்திவிட்ட மாத்திரை அதுதான். நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கே தூக்க மாத்திரை என்றால் காம்போஸ். ரோஷையோ வேலியத்தையோ யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இவ்வளவு விற்றும், இந்த மருந்து மூளையில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பது 1977 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருடம்தான் டென்மார்க்கில் ஸ்குவையர்ஸும் பிரேஸ்ட்ரப்பும், பாஸலில் ரோஷ் ஆய்வகத்தில் மோலரும் ஒகாடாவும் தனித்தனியே அது போய் ஒட்டும் இடத்தைக் காட்டினார்கள். மூளையின் பரபரப்பை அடக்குவது ‘காபா’ என்ற வேதிப்பொருள். காபா வந்து தொட்டால் நரம்புச் செல்லின் சுவரில் குளோரைடு புகும் வழி திறக்கும், செல் அமைதியாகும். பென்ஸோடயஸெபைன் அந்த வழியைத் தானாகத் திறப்பதில்லை. காபா திறக்கும்போது இன்னும் அடிக்கடி திறக்கச் செய்கிறது. கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவருக்குப் பக்கத்தில் நின்று கயிற்றுக்குக் கைகொடுப்பவரைப் போல: சேந்துகிறவர் நின்றுவிட்டால் இவர் கைக்கு வேலையில்லை. பார்பிச்சுரேட் அப்படியல்ல, அளவு கூடினால் காபா இல்லாமலே வழியைத் திறந்து வைத்துவிடும். மூச்சு நின்றுபோவது அதனால்தான். பென்ஸோடயஸெபைனை மட்டும் தனியாக அதிகமாக விழுங்கிய பலர் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த வரம்பு. ஆனால் ‘தனியாக’ என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். மதுவோடோ, டிரமடால், மார்ஃபின் போன்ற வலிமருந்துகளோடோ சேர்ந்தால் அந்த வரம்பு உடைந்துவிடும். இத்தகைய வலிமருந்துகளோடு சேர்வதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது 2016-இல்தான்.

நெருக்கடி நேரத்தில் இந்த மருந்துக்கு இணை குறைவு. 1965-இல் மார்செய் நகரத்தில் காஸ்டோவும் சகாக்களும், நிற்காமல் தொடரும் வலிப்புக்கு டயஸெபாமைச் சிரையில் ஏற்றி நிறுத்திக் காட்டினார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் மூளைக்கே ஆபத்து. இன்றும் அவசரப் பிரிவில் முதலில் கைபோவது லோரஸெபாம், டயஸெபாம், மிடஸோலம் ஆகியவற்றில் ஒன்றுக்குத்தான். வலிப்பு வரும் குழந்தைகளின் பெற்றோர் பலர் மூக்கில் அடிக்கும் மிடஸோலம் ஸ்பிரேயைக் கைப்பையில் வைத்துக்கொண்டேதான் பள்ளி விழாவுக்கும் கோயிலுக்கும் போகிறார்கள். டெட்டனஸில் உடம்பு வில்லாக வளையும்போது தசையைத் தளர்த்துவது, அறுவைக்கு முன்பும் எண்டோஸ்கோப்பிக்கு முன்பும் பயத்தைத் தணிப்பது எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1977-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே டயஸெபாம் இடம்பெற்றது.

குடியை நிறுத்தும் சிகிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சுவரில் இல்லாத பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆள் கூப்பிடுவது கேட்கும், இடம் காலம் தெரியாமல் போகும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். குடியும் இந்த மருந்தும் மூளையில் தொடுவது ஏறக்குறைய ஒரே பொறியை. அதனால் குடி இருந்த இடத்தில் மருந்தை வைத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். வேலியம் வந்ததும் ஓரங்கட்டப்பட்ட லிப்ரியம் இன்றும் நம் ஊர்க் குடிமறப்பு வார்டுகளில் உயிரோடு இருக்கிறது. கல்லீரல் கெட்டவருக்கு மட்டும் லோரஸெபாம்.

மேலே சொன்னவற்றில் வலிப்புக்கு நிமிடம், அறுவைக்கு மணி, குடிக்கு நாள் கணக்கு. இவற்றில் எதிலும் மருந்து மாதக்கணக்கில் போவதில்லை. வினை வந்தது கவலைக்கும் தூக்கத்துக்கும் கொடுத்தபோது, எப்போது நிறுத்துவது என்று யாரும் எழுதாததால்.

தெரியாமல் நடந்ததா என்றால் இல்லை. லிப்ரியம் கடைக்கு வந்து ஒரே வருடத்தில், 1961-இல், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஓய்வுபெற்ற ராணுவத்தினர் மருத்துவமனையில் லியோ ஹாலிஸ்டர் ஒரு சோதனை செய்தார். மாதக்கணக்கில் நாளொன்றுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை லிப்ரியம் உட்கொண்ட 11 நோயாளிகளுக்குச் சொல்லாமல் வெற்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பத்துப் பேருக்குப் புதிய தொல்லைகள் தொடங்கின. இருவருக்கு வலிப்பு வந்தது. அதுவும் மறுநாளே இல்லை, ஒரு வாரம் கழித்து. மருந்து உடம்பை விட்டு மெல்லத்தான் போகும் என்பதால் அந்தத் தாமதம். இதைப் படித்தவர்கள் சொன்ன சமாதானம்: கொடுத்தது வழக்கமான அளவைப்போல பத்து மடங்கு, எனவே சாதாரண அளவில் பயமில்லை. சாதாரண அளவில் சாப்பிட்டவர்கள் நிறுத்தும்போதும் அதே தொல்லைகள் வருகின்றன என்று லண்டனில் பெட்டுர்ஸனும் மால்கம் லேடரும் 16 பேரிடம் காட்டியது 1981-இல். நடுவே இருபது வருடம். அந்த இருபது வருடத்தில்தான் 230 கோடி மாத்திரை விற்ற வருடமும் வருகிறது. நிறுத்தியவர்களுக்குத் தூக்கமின்மையும் படபடப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பியபோது, பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே நம்பினார்கள். மருந்தின் வேலையும் மருந்தை நிறுத்துவதன் தொல்லையும் ஒரே முகத்தோடு வருவதுதான் இந்தக் குடும்பத்தின் சூட்சுமம்.

1975-இல் அமெரிக்கா இந்த மருந்துக் குடும்பத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. 1979-இல் எட்வர்ட் கென்னடி தலைமையில் செனட் குழு விசாரணை நடத்தியது. 1988-இல் பிரிட்டன், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தரக்கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இதற்கிடையே 1981-இல் அப்ஜான் நிறுவனத்தின் அல்பிரஸோலம் வந்துவிட்டது. சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் இறங்கியும்விடும். நல்ல குணம்போலத் தெரியும் இதுதான் சிக்கலும்: மதியம் ஆனதும் காலை மாத்திரையின் பலம் தீர்ந்து மனம் அடுத்த மாத்திரையைத் தேடத் தொடங்கும். டயஸெபாமுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. இருபது வயதுக்காரர் உடம்பில் அது பாதியாகக் குறையச் சுமார் 20 மணி நேரம்; எண்பது வயதுக்காரருக்குச் சுமார் 90 மணி நேரம். அது கரைந்து உண்டாகும் அடுத்த பொருளும் வீரியமுள்ளது, அது இன்னும் நீண்டநேரம் நிற்கும். பாட்டிக்குத் தினம் ராத்திரி ஒன்று கொடுத்தால், நேற்றையதும் முந்தாநாளையதும் சேர்ந்து உடம்பில் நிற்கின்றன. விடியற்காலை கழிப்பறைக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பு உடைவதும், மறதி என்று மருத்துவரிடம் கூட்டிப்போவதும் பல வீடுகளில் இந்தக் கூட்டுக்கணக்கின் விளைவுதான்.

நம் நாட்டில் அல்பிரஸோலம், டயஸெபாம் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. சிவப்புக் கட்டம், சீட்டு கட்டாயம், எழுதிய மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் பதிவேட்டில், அந்தப் பதிவேடு மூன்று வருடம் பத்திரமாக. சட்டத்தில் குறையில்லை. மருந்துக்கடையில் நின்று பார்த்தால், பழைய அட்டையின் கத்தரித்த மூலையைப் பையிலிருந்து எடுத்து ‘இதுலயே பத்து குடுங்க’ என்று கேட்கும் கை ஒன்று வரத்தான் செய்கிறது. சீட்டு என்றோ ஒரு நாள் எழுதியது; எழுதிய மருத்துவரையும் மறந்தாகிவிட்டது. தெலங்கானாவில் இன்னொரு கொடுமை: கள்ளில் டயஸெபாம், அல்பிரஸோலம் தூளைக் கலக்கும் வழக்கம். 2015-இல் அங்கே அரசு கெடுபிடி காட்டியபோது கலப்படக் கள் கிடைக்காமல் வலிப்பும் பிதற்றலுமாக ஆட்கள் ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனையில் போய்க் குவிந்தார்கள். தாங்கள் மாத்திரைக்கு அடிமையானது அவர்களுக்கே தெரியாது. கள் குடித்ததாகத்தான் நினைத்திருந்தார்கள்.

வீட்டில் யாராவது வருடக்கணக்கில் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறார் என்றால், இதைப் படித்த வேகத்தில் அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடக்கூடாது. திடீரென்று நிறுத்துவதுதான் வலிப்பைக் கொண்டுவரும். நிறுத்தும் முறையை வகுத்துக் கொடுத்தவர் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்து மருந்தியலாளர் ஹெதர் ஆஷ்டன். 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு மருத்துவ மையம் நடத்தி, நோயாளிகள் சொன்னதை வாரம் வாரமாகக் குறித்துவைத்து, அதிலிருந்து ஒரு கையேடு எழுதினார். அல்பிரஸோலம், லோரஸெபாம் போன்ற குறுங்கால மருந்திலிருப்பவரை முதலில் படிப்படியாகச் சமமான டயஸெபாம் அளவுக்கு மாற்றுவார். முதியவர் உடம்பில் தொல்லை கொடுக்கும் அதே மந்தகதிதான் இங்கே உதவிக்கு வருகிறது. அளவு மெல்ல இறங்குவதால் உடம்புக்கு அதிர்ச்சியில்லை. பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைப்பு. அவசரமில்லை, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். வேகத்தை முடிவு செய்வது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து. கடைசிக் கட்டத்தில் கணக்கு அரை மில்லிகிராமுக்கு வந்துவிடும். அப்போது 2 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.